ஆடாத டீ கிளாஸும் இரண்டு ரோட்டர்களும்

சுற்றுகிற பொருள் ஆடாமல் சுற்ற வேண்டும், அதுதான் எங்கள் தொழில்; ஆடாமல் சுற்றுகிறவரை எங்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது. கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் நான் வைத்திருக்கும் லேத் பட்டறைக்கு வாசலில் ஒரு பெயர்ப் பலகை இருக்கிறது. அதில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது. ‘டீ கிளாஸ் லேத்து’ என்று கேட்டால் தூரத்துப் பூண்டி கிராமத்திலிருந்து வருகிறவர்கூட நேராக வந்துவிடுவார்.

அந்தப் பெயர் வந்த கதையை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். என்னைப் பற்றிய கதை, நான் செய்த வேலையைப் பற்றிய கதை, ஆனால் அது நடந்தபோது நான் அங்கே இல்லை. நீங்களும் கையால் ஏதாவது செய்து பிழைப்பவர் என்றால் உங்களைப் பற்றியும் ஊரில் இப்படி ஒன்று உலவும். கெட்ட கதை என்றால் சண்டைக்குப் போவோம். நல்ல கதை என்றால் பேசாமல் இருந்துவிடுவோம். நான் அப்படித்தான் இருந்தேன், இந்த மழைக்காலம் வரைக்கும்.

சமோசா

டேவிட் சார் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போனது. மேட்டில் ஏறினால் புகையாகக் கக்கியது. அதை என்னிடம் கொண்டுவந்தவர் கனி பாய். பஜாரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எனக்கு முதல் வேலை பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். ‘இது வேற மாதிரி இன்ஜின் தம்பி, பயந்துராத’ என்று சொல்லித்தான் இறக்கினார்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே பிஸ்டனே இல்லை. இடுப்பு கொஞ்சம் ஒடுங்கிய ஒரு கூடு, அதற்குள் தடித்த முக்கோணமாக ஒரு வார்ப்பிரும்பு. அதுதான் ரோட்டர். ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ரோட்டர்கள், இரண்டும் ஒரே ஷாஃப்டில் மாட்டிச் சுற்றும். பிஸ்டன் மேலும் கீழும் போய் வருவதற்குப் பதிலாக இது சுற்றிச் சுற்றியே வேலை செய்யும். மூன்று மூலையிலும் இருக்கும் பட்டைகள் தேய்ந்திருந்தன, அதனால்தான் புகை. என்னிடம் லேத் ஓட்டும் பாண்டி ஒரு ரோட்டரைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “அண்ணே, சமோசா மாதிரி இருக்கு. உள்ள என்னத்த வச்சு மடிச்சிருக்கான்?”

கதவைச் சாத்து

பட்டைகளை மாற்றினால் போதும் என்று நான் நினைத்தேன். டேவிட் சாருக்கு அது போதவில்லை. ரோட்டரின் எடையைக் குறைக்க வேண்டும் என்றார். எடை குறைந்தால் இன்ஜின் சட்டென்று எழும்பும், மலை ஏற்றத்தில் தெரியும். போதாததற்கு இரண்டு ரோட்டருக்கும் எடையில் வித்தியாசம் இருந்தது. ஒன்றை யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள். ஆகவே இரண்டையும் செதுக்கி, குறைத்து, ஒரே எடைக்குக் கொண்டுவர வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம், உள்ளே இருக்கும் விலாக்களில் கொஞ்சம். அதிகம் எடுத்தால் சுவர் மெலிந்து ஒருநாள் சூட்டில் பிளந்துகொள்ளும். துணி வெட்டுகிறவர் ஒட்டுப்போடலாம், சமையல்காரர் தண்ணீர் ஊற்றலாம். எங்களுக்கு எடுத்தது எடுத்ததுதான்.

செதுக்குவது, துடைப்பது, தராசில் வைப்பது, மறுபடி செதுக்குவது. இதற்கு நடுவில் கொடைக்கானல் காற்று. கதவிடுக்கில் நுழைந்து தராசுத் தட்டைத் தொட்டுவிட்டுப் போகும், எண் மாறும். பாண்டி கோணிச் சாக்கை இடுக்கில் சொருகுவான், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணைப் பார்ப்பேன். பகலெல்லாம் கதவு சாத்தியே கிடந்தது. ராத்திரி பனியில் துருப் பிடிக்காமல் இருக்க ரோட்டர்களை எண்ணெய்த் துணியில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கம்பளியையும் போட்டு வைத்தோம். ஜீப் வேலைக்கு வந்து வெளியே காத்துக் கிடந்த ஒரு டிரைவர் கடைசியில் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார். “உள்ள என்னண்ணே, பிரசவமா? ஆணா பொண்ணான்னாச்சும் சொல்லிட்டு, என் சோலியக் கொஞ்சம் பாருங்க.”

பாதி

இரண்டு ரோட்டரும் ஒரே எடைக்கு வந்த அன்று எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அன்று காலையில் கம்பளியை விலக்கி ரோட்டரைத் தூக்கினேன். துருப் பிடிக்காமல் இருக்க ராத்திரி ஊற்றி வைத்திருந்த எண்ணெய் உள்ளேயிருந்து குபுக்கென்று வழிந்து என் சட்டையை நனைத்தது. நனைந்த சட்டையோடு அப்படியே நின்றேன். இந்த ரோட்டருக்கு உள்ளே காலி இடம். இன்ஜின் ஓடும்போது சூட்டைத் தணிக்க அதற்குள் எண்ணெய் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் ஓடுகிறபோது அதன் எடை என் தராசில் பார்த்த எடை இல்லை. ரோட்டர் ஒரு பக்கம் இழுப்பதற்கு ஈடாக ஷாஃப்டின் இரண்டு முனையிலும் எதிர் எடை வைத்திருப்பார்கள். ரோட்டரைக் குறைத்தால் அதையும் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது? காலி ரோட்டருக்கா, எண்ணெய் நிறைந்த ரோட்டருக்கா?

எண்ணெய் உள்ளே போகிறது, வெளியே வருகிறது, ஒரு நொடியில் எவ்வளவு தங்கும் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. ஒரு ரோட்டரில் எண்ணெயை நிறைத்து எடை பார்த்தேன். காலையில் அது கூழ் மாதிரி இறங்கியது, மத்தியானம் தண்ணீர் மாதிரி ஓடியது. யோசித்து யோசித்து, பாதி நிறைந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்குக்கு எதிர் எடைகளில் துளை போட்டேன். டேவிட் சாரைக் கூப்பிட்டு, ‘இது நானா வச்சுக்கிட்ட பாதி சார், புத்தகத்துல எழுதி வச்ச பாதி இல்ல’ என்று சொல்லியும்விட்டேன். அவர் சிரித்தார். “எங்க பாட்டு வகுப்புலயும் இப்படித்தாங்க. பியானோ இல்லாத எடத்துல யாராச்சும் ஒருத்தர் ஒரு சுருதி குடுக்கணும். நீங்க குடுத்துட்டீங்க. இனி பாடிப் பாத்தாத்தான் தெரியும்.”

தாய்மாமன் மடி

பாடிப் பார்த்த நாளில் நான் இல்லை. மலைக்குக் கீழே அய்யம்பாளையத்தில் என் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குழந்தை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். ஓர் இன்ஜின் ஓடப்போகிறது என்று சொல்லி அந்த மடியை வேறு ஒருவருக்கு மாற்ற முடியாது. பட்டறையில் வண்டி மெதுவாக ஓடியதைக் கேட்டிருந்தேன். மெதுவாக ஓடும்போது எல்லா இன்ஜினும் நல்ல பிள்ளைதான். வேகத்தில்தான் ஆட்டம் தெரியும். டேவிட் சாரும் கனி பாயும் வத்தலக்குண்டுவரை இறங்கி, திரும்ப ஏறினார்கள். நான் மடியில் அழுகிற குழந்தையோடு மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பெருமாள்மலையில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறார்கள். கனி பாய் முன்மூடியைத் திறந்து, டீ கிளாஸை இன்ஜின் மேலேயே வைத்திருக்கிறார். டேவிட் சார் உள்ளே உட்கார்ந்து, இன்ஜின் வேகம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்வரை ஆக்சிலேட்டரை மிதித்திருக்கிறார். இவ்வளவுதான் கதை. கொஞ்ச நாளில் டேவிட் சார் காரைக் கேரளாவில் யாருக்கோ விற்றுவிட்டு மகனிடம் வெளிநாடு போனார், அங்கேயே காலமானார். வண்டி எங்கே போனதென்று தெரியவில்லை. மிச்சம் இருக்கிற ஒரே சாட்சி கனி பாய். நான் அய்யம்பாளையத்திலிருந்து வந்து இறங்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே பிடித்துக்கொண்டார். “தம்பி, கிளாஸ் ஆடல. அல்லா மேல ஆணையா சொல்றேன், ஒரு பொட்டு ஆடல.”

முட்டை

அதற்குப் பிறகு அந்தக் கதை என்னைவிட அதிகம் ஊர் சுற்றியது. அடுக்கம் கிராமத்தில் காப்பி உரிக்கும் மெஷினைப் பார்க்கப் போனால், கிளாஸ் போய் ஒரு ரூபாய்க் காசு வந்திருந்தது. காசு படுக்காமல் விளிம்பில் நின்றதாம். ஒருமுறை வத்தலக்குண்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கொடைக்கானலில் ஒரு லேத்துக்காரர் வெளிநாட்டுக் காரை எடை பார்த்துக் கட்டிக் கொடுத்தாராம், ஓடுகிற இன்ஜின் மேல் முட்டையை நிறுத்தினார்களாம். நான் மெதுவாக, ‘முட்டையெல்லாம் இல்லீங்க, அது டீ கிளாஸ்’ என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நம்பாட்டி விடுங்க. உங்களுக்கு இந்த லைன் தெரியாது.”

பஞ்சாமிர்தம்

பழனி அடிவாரத்தில் ஒரு குடும்பம் சின்னதாகப் பஞ்சாமிர்தக் கடை நடத்துகிறது. கலக்கும் மெஷின் ஆடுகிறது என்று அதன் உருளையைக் கழற்றி ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கதையைக் கேட்டுத்தான் வந்தார்கள். நானும் கிளாஸ் வைத்துப் பார்க்கிற அளவுக்குச் சரிசெய்து அனுப்பினேன். மறுவாரம் போன் வந்தது. பழனிக்கு இறங்கினேன். காலியாக ஓட்டிக் காட்டச் சொன்னேன், பூனைபோலச் சுற்றியது. வாழைப்பழமும் சர்க்கரையும் போட்டு ஓட்டினார்கள். மேசையோடு சேர்ந்து மெஷின் சுவரைப் பார்க்க நடந்தது.

எண்ணெய்க்கு எடை பார்க்கத் தோன்றிய எனக்கு வாழைப்பழத்துக்குத் தோன்றவில்லை. அந்த வீட்டு அம்மாள் கோபமே படாமல், கையிலிருந்த கரண்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “காலி மெஷின் ஆடாம இருந்து நாங்க என்னத்தங்க விக்கிறது?” மலை ஏறும் பஸ்ஸில் அந்த வார்த்தை என்னோடு வந்தது. நான் இறங்கிய பிறகும் என்னைவிட்டுப் போகவில்லை.

காலி ஜீப்

இதற்கு நேர்மாறாகவும் ஒரு கேஸ் வந்தது. பூண்டியிலிருந்து கேரட்டும் வெள்ளைப்பூண்டும் ஏற்றி வரும் ஒரு ஜீப். லோடு இருந்தால் வண்டி அசையாது. இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது உதறல் எடுக்கும். பாரம் இருக்கும்போது வண்டி அழுந்தி, இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு நேராக இருந்தது. பாரம் போனதும் பின்பக்கம் தூக்கி, தண்டு கோணிக்கொண்டது. டிரைவரிடம் இதை நான் விளக்க விளக்க, அவர் பொறுமையாகத் தலையாட்டினார். “அப்ப மூட்டைய எறக்காமலே வச்சிருந்தா வண்டி ரிப்பேர் இல்லன்றீங்க. இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் டீ குடிச்சிட்டுப் போயிருப்பேன்ல?”

கௌசல்யா

இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். பூண்டியில் பூண்டு விவசாயம் பார்க்கும் செல்லையாவின் மகள். பெயர் கௌசல்யா. கொடைக்கானலில் படித்தவள், இப்போது கோயம்புத்தூரில் வேலை, விடுமுறை நாட்களில் கார் பந்தயம். ஜீப்பின் பின்னால் தார்ப்பாயை விலக்கிக் காட்டினாள். இத்தனை வருடத்தில் இரண்டாவது முறையாக, அதே முக்கோணங்கள். வேறு இன்ஜின், ஆனால் அதே சாதி. டேவிட் சாருக்குக் குறைத்ததைவிட இன்னும் அதிகமாகக் குறைக்க வேண்டும் என்றாள். பாண்டி மட்டும் சந்தோஷமாக, ‘அண்ணே, சமோசா’ என்றான்.

எண்ணெய் எடையைப் பற்றி அவளிடம் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. போனில் உலகத்து ரோட்டர் இன்ஜின்காரர்கள் எல்லாம் கூடிப் பேசும் இடத்தைக் காட்டினாள். ஒருவர் கால்வாசி என்கிறார், ஒருவர் முக்கால் என்கிறார், மூன்றாமவர் இரண்டு பேரையும் திட்டுகிறார். அதோடு ரோட்டருக்கு உள்ளே அதிகமாகக் குடைந்தால் எண்ணெய்க்கு இடமும் அதிகமாகும், கணக்கு மறுபடி மாறும். ‘இத்தனை பேர் இருக்க, என்கிட்ட ஏம்மா வந்த?’ என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “இவங்கெல்லாம் டைப் பண்றாங்க அங்கிள். நீங்க ஒரு நம்பர் வச்சீங்க, ஓட்டிப் பாத்தாங்க, கிளாஸ் ஆடல. எனக்கு அந்த நம்பர்தான் வேணும்.”

கட்டுகிறவர்

நான் வைத்த பாதி சரியா என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சோதனைதான் நடந்திருக்கிறது. பெருமாள்மலையில், ஒரு டீ கிளாஸால். அது நிஜம் என்றால் பாதி சரி, அதைப் பிடித்துக்கொண்டு மேலே கணக்குப் போடலாம். அது பாய் தன் தம்பிக்காக ஊதிய பலூன் என்றால், நான் ஒரு பெண் உட்கார்ந்து ஓட்டப்போகிற இன்ஜினைக் குருட்டாம்போக்கில் செதுக்கப்போகிறேன்.

தப்பிக்க ஒரு வழி இருப்பதாக நினைத்தேன். கோயம்புத்தூரில் ஷாஃப்டை மெஷினில் சுற்றவிட்டு ஆட்டத்தை அளந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். போன் போட்டேன். ரோட்டருக்குப் பதிலாக அதே எடையுள்ள வளையங்களை ஷாஃப்டில் கட்டிச் சுற்றுவார்களாம். ‘எண்ணெயோட சேத்து எவ்வளவு கட்டுவீங்க?’ என்று கேட்டேன். “நீங்க சொல்ற எடைய நாங்க கட்டுவோங்க. அது சரியான எடையான்னு எங்க மெஷினுக்குத் தெரியாதுங்க.”

போல்ட்டுகள்

கனி பாயிடம் கேட்டுவிட்டால் முடிந்தது. அவர் கடை என் பட்டறையிலிருந்து நடக்கிற தூரம். நடந்தேன். கடையில் அவர், ‘வா தம்பி, என்ன வேணும்?’ என்றார். ‘ஒரு போல்ட்டு பாய்’ என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளும் போனேன், வாஷர். அதற்கு அடுத்த நாள் மறுபடி போல்ட். என்னவென்று கேட்பது? கேட்கிற அந்த நிமிடத்திலேயே, ‘நீங்கள் இத்தனை வருடம் பொய் சொன்னீர்களா’ என்றுதானே அவர் காதில் விழும்? எனக்கு முதல் வேலை வாங்கிக் கொடுத்த வாய் அது. என் பட்டறைக்குப் பெயர் வைத்த வாயும் அதுதான். தவிரவும், கதை பொய் என்று தெரிந்துவிட்டால் அதற்குப் பிறகு நான் யார் என்ற கேள்வியும் இருந்தது. அது சின்னக் கேள்வி இல்லை. உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

பட்டறைக்கு வந்து உட்காருவேன், எழுந்திருப்பேன், கம்பளியை விலக்கி ரோட்டர்களைப் பார்ப்பேன், மூடுவேன். நான் வாங்கி வந்ததையெல்லாம் பாண்டி மேசையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தான். “அண்ணே, இருக்குற போல்ட்டுக்கு இன்னொரு ஜீப்பே கட்டிரலாம். பாய்கிட்ட என்ன கேக்கணுமோ அதக் கேட்டுத் தொலைங்க.”

செல்லையா

அதற்குள் செல்லையா ஒருநாள் வெள்ளனே வந்துவிட்டார். தலையில் மப்ளர், கையில் ஒரு பை நிறைய கேரட். மகள் அனுப்பவில்லை, அவராகவே வந்திருந்தார். ரோட்டரைக் காட்டச் சொன்னார். மண்ணைத் தொடுகிற மாதிரி விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, ‘இது ஆடுச்சுன்னா என்னாகும் தம்பி?’ என்றார். மறைக்கத் தோன்றவில்லை. வேகத்தில் ஷாஃப்ட் வளையும், ரோட்டர் சுவரில் உரசும், இன்ஜின் சிக்கி நிற்கும், நிற்கிற இன்ஜின் சக்கரத்தையும் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். ‘ஓட்டுறவக?’ என்றார். நான் கம்பளியை இழுத்து ரோட்டரை மூடினேன்.

எழுந்து போனார். மனதை மாற்றிக்கொண்டு மகளைக் கூட்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி நடக்க வேண்டும் என்று விரும்பினேன். டவுனைச் சுற்றிவிட்டு மத்தியானம் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. “பாய் கடைல கேட்டுட்டேன் தம்பி. கூடவே போன மனுசன், கண்ணால பாத்தவரு, கிளாஸ் அசையலன்னு சத்தியம் பண்றாரு. எனக்கு இது போதும். வெரசா முடிச்சுக் குடுங்க, புள்ள அவசரப்படுது.”

கரண்ட் போன நேரம்

அவர் போனதும் சட்டைகூட மாற்றாமல் கிளம்பினேன். தூறல். பஜாரில் கரண்ட் இல்லை; கடைக்குக் கடை ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. கனி பாய் கடையின் ஜெனரேட்டர் கல்லா மேசைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அது நான் சரிசெய்து கொடுத்தது இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மேசை, அலமாரி, அதில் தொங்கிய ஃபேன் பெல்ட்டுகள் எல்லாம் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தன. ‘இன்னைக்கு என்ன போல்ட்டு?’ என்றார் பாய். ‘போல்ட்டு இல்ல பாய், சும்மா’ என்றேன். ‘சும்மா வர்றவனா நீ? உக்காரு. பூண்டிக்காரரு வந்தாருல்ல, அவருக்கு விலாவாரியாச் சொல்லி அனுப்பிட்டேன். இனி உன் பாடு, அந்தப் புள்ள பாடு’ என்று சொல்லிக்கொண்டே எதிர் டீக்கடைக்கு விரலைக் காட்டினார். எனக்கு ஒரு டீ வந்தது. அவர் குடித்து முடித்த கிளாஸ் மேசையில் இருந்தது. டீக்கடைக்காரர் என் கிளாஸை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

நான் எதையும் தேடிப் பார்க்கவில்லை. கண் அங்கே போனது, அவ்வளவுதான். அவருடைய காலி கிளாஸ் பாறைமாதிரி நின்றது. என் கிளாஸும் அப்படியேதான் நின்றது. ஆனால் என் கிளாஸுக்குள் இருந்த டீயின் மேல்பரப்பு வட்டம் வட்டமாக நெளிந்துகொண்டிருந்தது, நடுவிலிருந்து விளிம்புக்கு, விளிம்பிலிருந்து நடுவுக்கு, நிற்காமல். இரண்டும் டீ கிளாஸ்தான். இரண்டும் ஆடவில்லைதான். பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்ட அன்றிலிருந்து இன்றுவரை பாய் சொன்னதெல்லாம் கிளாஸ் ஆடவில்லை என்றுதான். டீ தளும்பவில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவர் ஒரு சொல்கூடப் பொய் சொல்லாமலே இருந்திருக்கலாம். காலி மெஷினைப் பற்றிப் பழனி அம்மாள் கரண்டி கழுவிக்கொண்டே சொன்னது காதில் விழுந்தது.

பாய் என் முகத்தைப் பார்த்து, ‘ஏன்லே, டீல ஈ கெடக்கா?’ என்றார். பட்டறையில் கம்பளிக்குக் கீழே இரண்டு ரோட்டர்கள் இன்னும் ஒரு தூசிகூடச் செதுக்கப்படாமல் இருக்கின்றன. பூண்டியில் ஒரு தகப்பன் நிம்மதியாக இருக்கிறார். ஒரு சொட்டு எண்ணெய்க்கு மூச்சைப் பிடித்து எடை பார்த்தவன், இத்தனை வருடமாக ஒரு டீ கிளாஸுக்குள் எட்டிப் பார்க்காமலே அதன் பெயரில் பிழைத்திருக்கிறேன். என் டீயைத் தொடாமல் தள்ளி வைத்துவிட்டு, அவர் பக்கம் குனிந்து கேட்டேன்:

“பாய், அன்னைக்குப் பெருமாள்மலைல இன்ஜின் மேல வச்சீங்கள்ல ஒரு கிளாஸ், அதுல டீ இருந்துச்சா, இல்ல குடிச்சிட்டு வச்சீங்களா?”